நினைவின் வாயில்கள்

நுழையும்முன்

நேற்றுக் கற்ற ஒரு சொல் இன்றும் நினைவில் நிற்கிறது. ஆண்டுகள் பல கடந்த பின்னும் பிறந்த வீட்டின் முற்றம் மனக்கண்முன் விரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத நினைவு உடலில் எங்கே, எவ்வாறு பதிகிறது? இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி, மூளையின் நரம்புச் செல்களில் அமைந்த நுண்ணிய புரத வாயில்களில் இருக்கிறது. அவ்வாயில்களின் அமைப்பையும் செயலையும், அவை அளவோடு திறக்க வேண்டியதன் இன்றியமையாமையையும் இப்பாடம் விளக்குகிறது.

நரம்புச் சந்திப்பு

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். அதனுள் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. செல் உடலம், செய்திகளைப் பெறும் கிளைகளாகிய டென்ட்ரைட்டுகள், செய்தியை வெளியே கொண்டு செல்லும் நீண்ட இழையாகிய ஆக்சான் ஆகியவை நரம்புச் செல்லின் முதன்மைப் பகுதிகள். ஒரு செல்லின் ஆக்சான் முனையும் மற்றொரு செல்லின் டென்ட்ரைட்டும் அருகருகே அமையும் இடம் நரம்புச் சந்திப்பு எனப்படும். இங்கு இரு செல்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றிற்கிடையே ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலமுள்ள இடைவெளி உள்ளது. இது தலைமுடி ஒன்றின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே.

ஆக்சான் வழியே விரைந்து வரும் மின்துடிப்பு இச்சிறு இடைவெளியைத் தாண்ட இயலாது. சாலை ஆற்றங்கரையில் முடிந்துவிட்டால் பயணிகள் தோணியேறி அக்கரை சேர்வர். அதுபோல, மின்செய்தி இவ்விடத்தில் வேதிச்செய்தியாக மாறுகிறது. ஆக்சான் முனையில் உள்ள நுண்பைகள் வெடித்து, நரம்புணர்வு கடத்தி எனப்படும் வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன. அப்பொருள் மறுகரையில் உள்ள செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிகளைச் சென்றடைகிறது. ஏற்பி என்பது குறிப்பிட்ட வேதிப்பொருளை மட்டும் இனங்கண்டு, அதனோடு இணைந்து, செல்லுக்குள் ஒரு மாற்றத்தை உண்டாக்கும் புரதமாகும்.

நரம்புணர்வு கடத்திகள் பல. அவற்றுள் சில, பெறும் செல்லைக் கிளர்ச்சியுறச் செய்கின்றன. சில அதனை அடக்குகின்றன. மூளையில் அடக்கும் பணியைப் பெரும்பாலும் காபா என்னும் பொருள் ஆற்றுகிறது. கிளர்த்தும் பணியில் மிகப் பெரும்பங்கு குளுட்டமேட்டினுடையது. பார்த்தல், கேட்டல், அசைதல், கற்றல், நினைத்தல் என மூளை ஆற்றும் பணி எதுவாயினும் அதில் குளுட்டமேட்டின் பங்கு உண்டு.

ஐயத்திற்குள்ளான தூதுவன்

குளுட்டமேட் மூளைக்கு மட்டுமே உரிய அரும்பொருள் அன்று. புரதங்களைக் கட்டமைக்கும் இருபது அமினோ அமிலங்களுள் ஒன்று குளுட்டாமிக் அமிலம். அது உடல் நீர்மங்களில் அயனியாக நிற்கும் நிலையே குளுட்டமேட். 1866ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் ரிட்ஹவுசன், கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். பெயரும் அப்புரதத்தை ஒட்டியே அமைந்தது. 1908இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகுனே இகெடா, ஜப்பானியர் சமையலில் பயன்படுத்தும் கடற்பாசிச் சாற்றின் தனிச்சுவைக்குக் குளுட்டமேட்டே காரணம் எனக் கண்டறிந்தார். அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். தக்காளியிலும் பாலாடைக்கட்டியிலும் தாய்ப்பாலிலும்கூட இப்பொருள் இயல்பாகவே உள்ளது.

இத்தகைய எளிய பொருள் மூளையின் தூதுவனாக இருக்கக்கூடும் என்பதற்கான முதற்குறிப்பு 1950களில் கிடைத்தது. ஜப்பானிய உடலியங்கியல் அறிஞர் டகாஷி ஹயாஷி, விலங்குகளின் பெருமூளைப் புறணியில் குளுட்டமேட்டைச் செலுத்தியபோது அவற்றுக்கு வலிப்பு உண்டாவதைக் கண்டார். 1959இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் டேவிட் கர்டிஸ், ஜான் ஃபிலிஸ், ஜெஃப்ரி வாட்கின்ஸ் ஆகியோர், தண்டுவட நரம்புச் செல்களின்மீது குளுட்டமேட்டைச் செலுத்தினர். செல்கள் உடனே கிளர்ச்சியுற்றன.

ஆயினும், குளுட்டமேட் ஒரு நரம்புணர்வு கடத்தி என்பதை அறிவியல் உலகம் எளிதில் ஏற்கவில்லை. உடலெங்கும் நிறைந்துள்ள பொருள் அது. சோதித்த செல்களை எல்லாம் வேறுபாடின்றிக் கிளர்த்தியது. எல்லா வீடுகளிலும் கிடக்கும் ஒரு பொருள், குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கு எழுதப்பட்ட கடிதமாக எப்படி இருக்க முடியும் என்பது போன்ற ஐயம் எழுந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வையம் நீடித்தது. குளுட்டமேட் எல்லா இடங்களிலும் ஒன்றே. அதனைப் பெறும் ஏற்பிகளோ பலவகைப்பட்டவை என்பது தெளிவான பின்னரே ஐயம் அகன்றது. எவ்விடத்தில், எவ்வளவு நேரம், எத்தகைய விளைவு தோன்ற வேண்டும் என்பதை ஏற்பியே முடிவு செய்கிறது.

இத்தெளிவுக்கு வழிவகுத்தவர்களுள் வாட்கின்ஸ் முதன்மையானவர். குளுட்டமேட்டைப் போன்ற பல வேதிப்பொருள்களை அவர் உருவாக்கினார். அவற்றுள் ஒன்று என்-மெத்தில்-டி-ஆஸ்பார்டேட், சுருக்கமாக என்.எம்.டி.ஏ. பிற்காலத்தில் அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஒருவகை ஏற்பியை மட்டும் தடுத்து மற்றவற்றை விட்டுவிடும் பொருள்களையும் உருவாக்கினார். பூட்டுகளின் வகையை அறிய வெவ்வேறு திறவுகோல்களைச் செருகிப் பார்ப்பது போன்ற முறை இது.

ஏற்பிகளின் வகைகள்

குளுட்டமேட் ஏற்பிகளை இரு பெரும்பிரிவுகளாகப் பகுப்பர். முதற்பிரிவு, தன்னுள்ளேயே அயனிகள் செல்லும் வழியைக் கொண்டது. குளுட்டமேட் வந்து இணைந்ததும் அவ்வழி திறந்துகொள்ளும். இது அயனி வாயில் ஏற்பி எனப்படும். ஆம்பா ஏற்பி, கைனேட் ஏற்பி, என்.எம்.டி.ஏ. ஏற்பி ஆகிய மூன்றும் இப்பிரிவின. ஒவ்வொன்றும் தன்னைத் தனித்துத் தூண்டவல்ல வேதிப்பொருளின் பெயரையே தன் பெயராகப் பெற்றுள்ளது. ஆம்பாவும் என்.எம்.டி.ஏ.வும் ஆய்வகத்தில் உருவானவை. கைனேட்டோ, ஜப்பானில் குடற்புழுக்களை நீக்கும் மருந்தாக வழங்கிய செந்நிறக் கடற்பாசியிலிருந்து பெறப்பட்டது.

இரண்டாம் பிரிவைச் சேர்ந்த ஏற்பிகளுக்குத் தமக்கென அயனிவழி இல்லை. குளுட்டமேட் இணைந்ததும் செல்லினுள் இருக்கும் ஜி-புரதம் என்னும் துணைவனை அவை எழுப்புகின்றன. அப்புரதம் வேறு நொதிகளையும் வாயில்களையும் இயக்குகிறது. செய்தி பல கைகள் மாறிச் செல்வதால் விளைவு மெதுவாகத் தோன்றி நெடுநேரம் நிற்கிறது. வளர்சிதைமாற்ற ஏற்பிகள் எனப்படும் இவற்றில் எட்டு வகைகள் உள்ளன. இவற்றுள் சில, குளுட்டமேட்டை வெளியிடும் ஆக்சான் முனையிலேயே அமைந்து, வெளியீடு மிகும்போது அதனைக் குறைக்கின்றன. வானொலிப் பெட்டியில் ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகுபோல இவை செயல்படுகின்றன.

ஏற்பியின் அமைப்பு

ஏற்பிகளின் பெயர்கள் தெரிந்தபோதிலும் அவற்றின் வடிவம் நெடுங்காலம் அறியப்படவில்லை. 1989இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஸ்டீபன் ஹைனிமன் குழுவினர், ஒரு குளுட்டமேட் ஏற்பிக்குரிய மரபணுவை முதன்முதலாகப் பிரித்தறிந்தனர். 1991இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நகானிஷி குழுவினர் என்.எம்.டி.ஏ. ஏற்பிக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். 2009இல் ஆம்பா ஏற்பியின் முழு வடிவத்தையும் எக்ஸ் கதிர்ப் படிகவியல் முறை காட்டித் தந்தது.

அயனி வாயில் ஏற்பிகள் ஒவ்வொன்றும் நான்கு துணை அலகுகள் சேர்ந்து உருவானவை. நான்கு தூண்கள் ஒரு கிணற்றைச் சூழ்ந்து நிற்பதுபோல, இவ்வலகுகள் நடுவில் ஒரு துளையை விட்டுச் சூழ்ந்துள்ளன. பக்கவாட்டில் நோக்கினால் ஏற்பியின் தோற்றம் மேற்புறம் விரிந்து கீழ்ப்புறம் குறுகிய கவட்டைக் கம்பை ஒத்திருக்கும். அதில் மூன்று அடுக்குகளைக் காணலாம்.

மேலடுக்கு, செல்லுக்கு வெளியே இடைவெளியில் நீண்டிருக்கிறது. துணை அலகுகள் தமக்குரிய இணைகளோடு சேர்வதற்கும் ஏற்பியின் செயலை நெறிப்படுத்துவதற்கும் இது உதவுகிறது. நடு அடுக்கில்தான் குளுட்டமேட் வந்து அமர்கிறது. இப்பகுதி வாய் திறந்த சிப்பியைப் போன்றது. குளுட்டமேட் உள்ளே நுழைந்ததும் சிப்பியின் இரு ஓடுகளும் அதனைக் கவ்வி மூடிக்கொள்கின்றன. கீழடுக்கு செல் சவ்வில் புதைந்துள்ளது. அயனிகள் செல்லும் துளை இங்கே உள்ளது. சிப்பி மூடும்போது ஏற்படும் இழுவிசை, அதனோடு இணைந்த புரத இழைகளின் வழியே கீழிறங்கித் துளையின் வாயிலைத் திறக்கிறது. மேலே ஒரு கதவு மூடுவதால் கீழே ஒரு கதவு திறக்கும் இப்பொறியமைப்பே அயனி வாயில் ஏற்பியின் அடிப்படை.

ஆம்பா ஏற்பி மிக விரைவானது. குளுட்டமேட் சேர்ந்ததும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குள் திறந்து, சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மூடிவிடுகிறது. அதற்குள் சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. ஓய்வு நிலையில் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். நேர்மின் சோடியம் நுழைவதால் அவ்வேறுபாடு குறைகிறது. போதிய அளவு குறைந்தால் அச்செல்லிலும் மின்துடிப்பு பிறந்து, செய்தி மேலும் பயணிக்கிறது.

இவ்வமைப்பின் நுட்பத்திற்கு ஒரு சான்று போதும். மூளையில் உள்ள பெரும்பாலான ஆம்பா ஏற்பிகள் சோடியத்தை உள்ளே விடும். கால்சியத்தைப் பெரிதும் விடுவதில்லை. ஏற்பியின் இரண்டாம் வகைத் துணை அலகில், துளையின் ஓரத்தில் அமைந்த ஒரே ஓர் அமினோ அமிலத்தின் மாற்றமே இதற்குக் காரணம். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் இந்த ஒன்று மாறாதபடி செய்யப்பட்ட எலிகள், வலிப்பு நோய்க்கு ஆளாகி இளமையிலேயே மாண்டன.

இரு திறவுகோல் வாயில்

மேற்கூறிய ஏற்பிகளுள் கற்றலோடு மிக நெருங்கிய தொடர்புடையது என்.எம்.டி.ஏ. ஏற்பி. இதன் துளையின் நடுவே ஒரு மக்னீசியம் அயனி, குடத்தின் வாயை அடைத்த தக்கைபோல அமர்ந்திருக்கிறது. செல்லின் எதிர்மின் தன்மை, நேர்மின் மக்னீசியத்தைத் தன்பால் ஈர்த்து அவ்விடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. எனவே, குளுட்டமேட் வந்து சிப்பியை மூடினாலும் அயனிகள் உள்ளே செல்ல இயலாது. பெறும் செல் வேறு சந்திப்புகளின் வழியாகவும் போதிய கிளர்ச்சி பெற்று, அதன் எதிர்மின் தன்மை குறைந்தால்தான் மக்னீசியம் விலகும். இச்செய்தி 1984இல் பாரிஸ் நகரிலும் அமெரிக்காவிலும் நடைபெற்ற ஆய்வுகளால் தெளிவாயிற்று.

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறக்க வங்கியின் திறவுகோலும் வாடிக்கையாளரின் திறவுகோலும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பெட்டகம் திறவாது. என்.எம்.டி.ஏ. ஏற்பியும் அத்தகையது. அனுப்பும் செல் குளுட்டமேட்டை வெளியிடுவது ஒரு திறவுகோல். அதே நேரத்தில் பெறும் செல் கிளர்ச்சியுற்றிருப்பது மற்றொரு திறவுகோல். இரண்டும் ஒரே வேளையில் அமையும்போது மட்டுமே வாயில் திறக்கிறது. இவற்றோடு, கிளைசின் அல்லது டி-செரின் என்னும் அமினோ அமிலமும் துணையாக இணைந்திருத்தல் வேண்டும். ஆகவே இவ்வேற்பி, இரு நிகழ்வுகள் ஒருங்கே நடந்தன என்பதை உணரும் நுண்கருவியாகத் திகழ்கிறது.

திறந்த வாயில் வழியே சோடியத்தோடு கால்சியமும் நுழைகிறது. இக்கால்சியமே கற்றலுக்கான கட்டளை. அது செல்லினுள் சில நொதிகளைத் தூண்டுகிறது. அந்நொதிகள், செல்லினுள் இருப்பில் உள்ள ஆம்பா ஏற்பிகளை அச்சந்திப்பின் சவ்வுக்குக் கொண்டு சேர்க்கின்றன. அடுத்த முறை அதே அளவு குளுட்டமேட் வந்தாலும், வாயில்களின் எண்ணிக்கை மிகுந்திருப்பதால் விளைவு வலிமையாக அமைகிறது. தொடர்ந்து தூண்டப்பட்டால் செல் புதிய புரதங்களை உருவாக்கிச் சந்திப்பின் வடிவத்தையே பெரிதாக்குகிறது. கால்சியம் சிறிதளவாக மெதுவே நுழையுமானால் இதற்கு மாறான செயல் நிகழ்கிறது. ஆம்பா ஏற்பிகள் சில அகற்றப்பட்டுச் சந்திப்பு வலுவிழக்கிறது. பதிவதும் மங்குவதும் ஒரே வாயிலின் இருவேறு அளவுகளால் நேர்கின்றன.

கற்றலின் தடம்

ஒருங்கே கிளர்ச்சியுறும் செல்களுக்கிடையே உள்ள இணைப்பு வலுப்பெற வேண்டும் என்னும் கருத்தைக் கனடா நாட்டு உளவியல் அறிஞர் டொனால்டு ஹெப் 1949இலேயே முன்மொழிந்தார். அது அப்போது கருதுகோளாகவே இருந்தது. 1973இல் திமோதி பிளிஸ், தெர்யே லோமோ ஆகிய இருவரும் நார்வேயின் ஆஸ்லோ நகரில் தாம் நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். முயலின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதிக்குச் செல்லும் நரம்பிழைகளை அவர்கள் விரைவான மின்துடிப்புகளால் சிறிது நேரம் தூண்டினர். அதன்பின் அச்சந்திப்புகளின் வலிமை மிகுந்து, பல மணிநேரம் அவ்வாறே நிலைத்தது. இந்நிகழ்வு நீள்கால வலுவூட்டம் எனப்படும்.

ஹிப்போகாம்பஸ் புதிய நினைவுகள் உருவாவதற்கு இன்றியமையாத பகுதி. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடும் வலிப்பு நோயைத் தணிப்பதற்காக மூளையின் இருபுறமும் இப்பகுதி பெரிதும் அகற்றப்பட்டது. அதன்பின் 2008இல் மறையும்வரை, அன்றாட நிகழ்வுகளைப் புதிதாக நினைவில் இருத்திக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இல்லாது போயிற்று. அப்பகுதியின் சந்திப்புகளே வலுப்பெறுகின்றன என்னும் கண்டுபிடிப்பு ஆய்வாளர்களை ஈர்த்ததில் வியப்பில்லை.

1983இல் கிரஹாம் காலிங்ரிட்ஜ் குழுவினர், என்.எம்.டி.ஏ. ஏற்பியை மட்டும் தடுக்கும் பொருளைச் செலுத்தினால் நீள்கால வலுவூட்டம் தோன்றுவதில்லை என நிறுவினர். 1986இல் ரிச்சர்டு மோரிஸ் குழுவினர் இதனை உயிருள்ள விலங்கின் கற்றலோடு இணைத்துக் காட்டினர். பால்கலந்து கலங்கலாக்கிய நீர்த்தொட்டியில் எலிகளை நீந்தவிட்டனர். நீர்மட்டத்திற்குக் கீழே கண்ணுக்குப் புலப்படாத மேடை ஒன்று இருந்தது. இயல்பான எலிகள் சிலமுறை நீந்தியபின் மேடையின் இடத்தை நினைவிற்கொண்டு நேரே அங்குச் சென்றன. ஏற்பி தடுக்கப்பட்ட எலிகளோ நீந்த வல்லனவாக இருந்தும் அவ்விடத்தை நினைவிற்கொள்ளத் தடுமாறின. பிளிஸ், காலிங்ரிட்ஜ், மோரிஸ் ஆகிய மூவரும் இப்பணிகளுக்காக 2016ஆம் ஆண்டு டென்மார்க்கின் மூளை ஆய்வுப் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அளவு மிஞ்சும்போது

வாயில் திறப்பதால் நினைவு பதிகிறது எனில், அது மேலும் மேலும் திறப்பது நன்மையன்றோ என்னும் வினா எழுவது இயல்பு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தமிழ்ப் பழமொழி. குளுட்டமேட்டின் வரலாறு அதனை மெய்ப்பிக்கிறது.

1969இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஓல்னி, பிறந்து சில நாள்களே ஆன எலிக்குஞ்சுகளுக்கு மிகுந்த அளவில் குளுட்டமேட்டைச் செலுத்தினார். அவற்றின் மூளையில் சில பகுதிகளைச் சார்ந்த நரம்புச் செல்கள் மடிந்தன. அளவிறந்த கிளர்ச்சியே செல்லைக் கொல்லும் என்பதை உணர்ந்த அவர், அந்நிகழ்வைக் கிளர்ச்சி நச்சு என்னும் பொருள்படும் பெயரால் குறித்தார். நெடுநேரம் திறந்த வாயில்கள் வழியே கால்சியம் வெள்ளமாகப் புகுகிறது. கற்றலுக்குக் கட்டளையிட்ட அதே கால்சியம், இப்போது செல்லின் புரதங்களையும் சவ்வையும் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. செல்லின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவைச் செயலிழக்கச் செய்கிறது.

ஆய்வகத்தில் கண்ட இவ்வுண்மை 1987இல் மக்களின் உணவுமேசையில் வெளிப்பட்டது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் வளர்க்கப்பட்ட சிப்பி மீன்களை உண்டவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாந்தியும் வயிற்று வலியும் மனக்குழப்பமும் உற்றனர். சிலர் உயிரிழந்தனர். உயிர் தப்பியவர்களுள் சிலர், புதியனவற்றை நினைவில் கொள்ளும் ஆற்றலை இழந்தனர். டைஆட்டம் என்னும் நுண்பாசி உருவாக்கிய டோமாயிக் அமிலம் சிப்பிகளில் சேர்ந்திருந்ததே காரணம் எனக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் சில நாள்களிலேயே கண்டறிந்தனர். வடிவில் குளுட்டமேட்டை ஒத்த அவ்வமிலம், கைனேட், ஆம்பா ஏற்பிகளைக் கவ்வி அவற்றை அளவுக்கு மீறித் திறந்துவைத்தது. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது ஹிப்போகாம்பஸ் சிதைந்திருந்தது. அதன்பின் பல நாடுகள், சிப்பி உணவுகளில் இந்நஞ்சு உள்ளதா எனச் சோதித்த பின்னரே விற்பனைக்கு விடுகின்றன.

இந்தியாவிலும் இதற்கிணையான துயர் நிகழ்ந்துள்ளது. கேசரிப் பருப்பு என்பது வறட்சியைத் தாங்கி விளையும் பயறு. மத்திய இந்தியாவில் மழை பொய்த்த காலங்களில் வேறு உணவின்றி இதனையே மாதக்கணக்கில் உண்ட ஏழை உழைப்பாளர் பலருக்குக் கால்கள் விறைத்து நிலையான முடக்கம் ஏற்பட்டது. லதிரிசம் எனப்படும் இந்நோய்க்குக் காரணமான நச்சு அமினோ அமிலத்தை 1964இல் பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். அது ஆம்பா ஏற்பிகளை மிகையாகத் தூண்டுவது பின்னர் விளங்கிற்று. பருப்பை வெந்நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிடுவதால் நஞ்சின் அளவு குறையும். ஆயினும், பிற உணவோடு சிறிதளவு உண்டவர்களைவிட, இதனையன்றி வேறு உணவு பெற வழியில்லாதவர்களையே இந்நோய் பெரிதும் தாக்கியது. மூளையின் நுண்வாயிலும் ஏழ்மையும் சந்தித்த இடம் அது.

தெரிந்து தெளிவோம்

உணவிற்குச் சுவையூட்டச் சேர்க்கப்படும் மோனோசோடியம் குளுட்டமேட், அஜினமோட்டோ என்னும் வணிகப் பெயரால் பலரும் அறிந்த பொருள். உணவின் வழியே வரும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடற்செல்களே தம் ஆற்றலுக்காகப் பயன்படுத்திக்கொள்கின்றன. எஞ்சியது குருதியில் கலந்தாலும், குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு அதனை எளிதில் உள்ளே விடுவதில்லை. மூளை தனக்குத் தேவையான குளுட்டமேட்டைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. எனவே, குளுட்டமேட் மிகுந்த உணவை உண்பதால் நினைவாற்றல் பெருகும் எனக் கருதுவது பொருந்தாது.

காவலும் மருத்துவமும்

இயல்பான மூளை இப்பேரிடரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. நரம்புச் சந்திப்புகளைச் சூழ்ந்து, விண்மீன் வடிவமுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்கள் காவல் நிற்கின்றன. இடைவெளியில் கொட்டப்பட்ட குளுட்டமேட்டை அவை உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கின்றன. பின்னர் அதனைத் தீங்கற்ற குளுட்டமைனாக மாற்றி நரம்புச் செல்லுக்குத் திருப்பி அனுப்புகின்றன. நரம்புச் செல் அதனை மீண்டும் குளுட்டமேட்டாக்கி நுண்பைகளில் நிரப்புகிறது. திருவிழா முடிந்த தெருவைக் கூட்டித் தூய்மை செய்து அடுத்த நாளுக்கு ஆயத்தப்படுத்துவது போன்ற இப்பணி, மூளையில் ஒவ்வொரு கணமும் நடைபெறுகிறது.

பக்கவாதத்தில் இக்காவல் குலைகிறது. குருதிக்குழாய் அடைபட்டு உயிர்வளி கிட்டாதபோது, குளுட்டமேட்டை உறிஞ்சத் தேவையான ஆற்றல் செல்களுக்கு இல்லாது போகிறது. தேங்கிய குளுட்டமேட் அண்டைச் செல்களையும் அழிக்கிறது. பக்கவாத நோயாளியை விரைந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். என்.எம்.டி.ஏ. ஏற்பியை முற்றிலும் அடைத்துவிட்டால் இவ்வழிவைத் தடுக்கலாம் எனக் கருதிப் பல மருந்துகள் சோதிக்கப்பட்டன. விலங்குகளில் பயன் தந்த அவை மனிதரிடம் தோல்வியுற்றன. மூளையின் இயல்பான பணிகளுக்கு இவ்வாயில் தேவைப்படுவதால், முற்றாக அடைத்தல் மனக்குழப்பம் உள்ளிட்ட கேடுகளை விளைவித்தது.

இத்தோல்வி அளவின் அருமையை உணர்த்தியது. அல்சைமர் நோய்க்கு வழங்கப்படும் மெமன்டின், மிகையான திறப்பைத் தணித்து, இயல்பான திறப்பைப் பெரிதும் விட்டுவைக்கிறது. அது நோயை நீக்குவதில்லை; சிலருக்கு அறிகுறிகளைச் சற்றே குறைக்கிறது. அறுவை மருத்துவத்தில் உணர்வகற்றியாகப் பயன்படும் கீட்டமைனும் இதே ஏற்பியைத் தடுப்பதே. அதன் ஒரு வடிவம், பிற மருந்துகளால் தீராத மனச்சோர்வுக்கு மருத்துவக் கண்காணிப்பில் வழங்க 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கண்காணிப்பின்றி அதனைப் பயன்படுத்துவது பெருங்கேடு விளைவிக்கும்.

என்.எம்.டி.ஏ. ஏற்பி குறைந்தாலும் துன்பமே. 2007இல் மருத்துவர் ஹோசெப் டல்மாவ் குழுவினர் ஒரு நோயைத் தெளிவாக விளக்கினர். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே இவ்வேற்பியைத் தவறாகத் தாக்கி, செல் சவ்விலிருந்து அகற்றிவிடுகிறது. நலமாக இருந்த இளைஞர் ஒருவர் சில நாள்களிலேயே பிதற்றல், இல்லாதனவற்றைக் காணுதல், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றுக்கு ஆளாகிறார். இதனை மனநோய் என்றோ பேய் பிடித்தது என்றோ கருதிக் காலம் தாழ்த்தினால் உயிருக்கே இடர் நேரும். எதிர்ப்பொருளைக் கண்டறிந்து உரிய மருத்துவம் அளித்தால் நோயாளிகளுள் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். ஒரு புரதத்தைப் பற்றிய அறிவு, அச்சத்தையும் பழியையும் நீக்கி உயிர் காக்கும் மருத்துவமாகிறது.

நினைவாற்றலை மிகுவிக்கும் முயற்சியும் இதே பாடத்தைப் புகட்டியது. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள், என்.எம்.டி.ஏ. ஏற்பியின் ஒரு துணை அலகு மிகுதியாக உருவாகும்படி எலிகளின் மரபணுவை மாற்றினர். அவ்வெலிகள் மற்ற எலிகளைவிட விரைவாகக் கற்றன. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அவை அழற்சியால் உண்டாகும் வலியையும் மிகுதியாக உணர்வது தெரியவந்தது. நன்மையை மட்டும் தனியே பிரித்து வளர்த்தல் எளிதன்று.

முடிவுரை

கற்றல் என்பது மூளையில் நிகழும் மெய்யான மாற்றம். படித்ததை மீண்டும் எண்ணிப் பார்க்கும்போது உரிய செல்கள் ஒருங்கே கிளர்ச்சியுறுகின்றன, வாயில்கள் திறக்கின்றன, சந்திப்புகள் வலுப்பெறுகின்றன. புதிய புரதங்கள் உருவாகி அம்மாற்றம் நிலைபெறக் காலம் தேவைப்படுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் உறக்கமின்றிப் படிப்பதைவிட, நாள்தோறும் சிறிது சிறிதாக இடைவெளிவிட்டுப் பயில்வதும் போதிய அளவு உறங்குவதும் நினைவை நிலைபெறச் செய்யும் என ஆய்வுகள் காட்டுவது இதனோடு இயைந்ததே.

கோதுமையிலும் கடற்பாசியிலும் உள்ள ஓர் எளிய பொருள், உரிய வாயிலை உரிய வேளையில் தொடும்போது நினைவாகிறது. வாயில் மூடாதபோது அதே பொருள் நினைவை அழிக்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை மூளை ஒவ்வொரு நொடியும் காத்து வருகிறது.